தலையை அசைக்காதவன்

முகத்தை நோக்கி ஏதாவது வேகமாக வந்தால் நம் தலை தானாகத் திரும்பிக்கொள்ளும். கண் மூடும், கழுத்து உள்ளே போகும், கை மேலே எழும். இதற்கெல்லாம் யாரும் நமக்குப் பாடம் எடுக்கவில்லை. அவன் மட்டும் இதில் ஒன்றையும் செய்யமாட்டான். அவனை நினைத்தால் எனக்கு முதலில் தோன்றுவது அவன் உயரமோ சிரிப்போ அல்ல, அந்த அசையாத தலைதான்.

ஒருமுறை புனேயின் விஷ்ராந்த்வாடியில் ஆளந்தி ரோட்டுக்குப் பின்னால் உள்ள சந்தில் வடாபாவ் வண்டியின் முன் நின்றுகொண்டிருந்தோம். தெருவில் யாரோ ஓங்கி அடித்த கிரிக்கெட் பந்து நேராக அவன் முகத்துக்கு வந்தது. நான் குனிந்துவிட்டேன். வண்டிக்காரர் கரண்டியைப் போட்டுவிட்டு உட்கார்ந்தே விட்டார். இவன் வடாபாவை மென்றபடி பந்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். பந்து அவன் காதை உரசிக்கொண்டு போய்ச் சுவரில் பட்டது.

"பாகல் ஹை க்யா!", பைத்தியமா உனக்கு என்று வண்டிக்காரர் கத்தினார்.

"படாதுக்கா. லைன் தெரிஞ்சுது" என்றான் என்னிடம்.

"தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு. உனக்கென்ன கழுத்துல கம்பி வெச்சா கட்டியிருக்குது?" என்று திட்டினேன்.

"சால்தய்க்கா" என்றான்.

சால்தய் என்பது புனேக்காரர்கள் எதற்கும் சொல்கிற மராத்தி வார்த்தை. ஓடும், பரவாயில்லை, விடுங்கள், எல்லாவற்றுக்கும் அது ஒன்றே போதும். அவனுக்கு அதுதான் பாதிப் பேச்சு. வேலூர்ப் பக்கத்துக் குடும்பம், ஆனால் பிறந்து வளர்ந்தது எல்லாம் இங்கேதான். தமிழ் பேசுவான், படிக்கத் தெரியாது. பேசுகிற தமிழிலும் மராத்தியும் இந்தியும் உப்புமாவில் கடலைப்பருப்புபோல அங்கங்கே கிடக்கும்.

நான் கோயம்புத்தூர்க்காரி. கணவருக்கு ஹிஞ்சவடியில் கம்ப்யூட்டர் வேலை கிடைத்ததால் புனே வந்தவள். பிசியோதெரபி படித்திருந்தேன். யாரோ சொல்லி, யாரோ கேட்டு, கடைசியில் நாட்டின் ஆண்கள் ஹேண்ட்பால் அணிக்கு பிசியோவாக வந்து சேர்ந்தேன். ஊரில் என் அம்மா இன்றுவரை அதை வாலிபால் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். "எம்பட பொண்ணு வாலிபால் டீமுக்குக் கால் அமுக்கி உடறா" என்று பக்கத்து வீட்டில் சொல்லும்போது குரலில் பெருமையைவிட வருத்தம்தான் அதிகம்.

வாலிபால் இல்லை. ஒரு பக்கம் ஏழு பேர். பந்தைக் கையால் பிடித்து, தட்டி, எகிறிக் குதித்து கோலுக்குள் எறிய வேண்டும். கோலைச் சுற்றி வளைகிற ஆறு மீட்டர் கோட்டுக்கு வெளியே காலை ஊன்றி, கோட்டைத் தாண்டி அந்தரத்தில் பாய்ந்தபடி எறிவார்கள். கீப்பருக்குக் கையுறை கிடையாது. முகத்தில் எதுவும் கிடையாது. ஒரு சட்டை, ஒரு முழுக்கால்சட்டை, அவ்வளவுதான் கவசம். பந்து வழுக்காமல் இருக்க ஆடுகிறவர்கள் விரல்களில் பிசின் தடவிக்கொள்வார்கள். எங்கே பட்டாலும் பழுப்பு நிறத்தில் ஒட்டும். சோப்புக்குப் போகாது, தேங்காயெண்ணெய்க்குத்தான் போகும்.

அவன் கீப்பர். பயிற்சி முடிந்து வரும்போதெல்லாம் அவன் நெற்றியில் ஒரு பிசின் வட்டம் இருக்கும். நான் பஞ்சில் எண்ணெயைத் தொட்டுத் துடைத்துவிடுவேன். கோவிலில் விபூதி வாங்கிக்கொள்கிற பவ்யத்தோடு தலையைக் கொடுப்பான். "மெதுவாக்கா, பொட்டு அழிஞ்சிரும்" என்று கேலி வேறு.

அணியில் மற்றவர்கள் எல்லாம் ஹரியானா, பஞ்சாப், ராஜஸ்தான். அவர்கள் இவனுக்கு வைத்த பெயர் கம்பா. விளக்குக் கம்பம் என்று அர்த்தம். நான் சேர்ந்த காலத்தில் எங்கள் அணி வெளிநாட்டுக்குப் போவது தோற்பதற்காகத்தான். வளைகுடா அணிகளிடம் பதினைந்து கோல் வித்தியாசத்தில் தோற்றால் "இந்தத் தடவை நன்றாக ஆடினோம்" என்பார்கள். எதிரணி எங்களோடு ஆடும் நாளில் முக்கியமான ஆட்களை உட்காரவைத்து ஓய்வு கொடுக்கும். அந்த அவமானம் மற்றவர்களுக்குப் பழகியிருந்தது. கோச்சுக்குப் பழகவில்லை.

கோச் ஹரியானாக்காரர். கெட்டவர் என்று சொல்லிவிட்டால் எனக்கு வசதியாக இருக்கும், ஆனால் அவர் கெட்டவர் இல்லை. விடியற்காலையில் எல்லோருக்கும் முன்னால் மைதானத்தில் நிற்பார். பையன்களுக்குத் தன் வீட்டு நெய் கொண்டுவந்து ரொட்டியில் தடவிக் கொடுப்பார். விதிப்புத்தகத்தை அவ்வளவு ஊன்றிப் படித்த ஒருவரை நான் பார்த்ததில்லை.

அந்தச் சமயத்தில்தான் விதியில் ஒன்றைச் சேர்த்தார்கள். கீப்பர்களின் தலையைக் காப்பாற்றுவதற்காகச் சேர்த்தது. தடுக்க ஆளில்லாமல் எறிகிறவன் பந்தை நேராகக் கீப்பரின் தலையில் அடித்தால் அவனுக்கு இரண்டு நிமிடம் வெளியே. ஏழு மீட்டர் எறிதலில், அதாவது எறிபவனும் கீப்பரும் மட்டும் நேருக்கு நேர் நிற்கும் தண்டனை எறிதலில், தலையில் அடித்தால் சிவப்பு அட்டை. இந்த ஏழு மீட்டர் விதி முன்பே இருந்தது. ஆனால் இரண்டுக்கும் ஒரு நிபந்தனை உண்டு. கீப்பர் தலையைப் பந்தின் பக்கம் கொண்டுபோயிருக்கக் கூடாது. புத்தகத்தில் எழுதியிருப்பது அது. களத்தில் நடுவர் பார்ப்பது இன்னும் எளிது: தலை அசைந்ததா, இல்லையா. அசைந்தால் எறிந்தவன் மேல் குற்றமில்லை.

உலகத்தில் எந்தக் கீப்பரின் தலையும் கொஞ்சமாவது அசையும். எங்களிடம் மட்டும் அசையாத தலை ஒன்று இருந்தது.

கோச் அதைக் கண்டுபிடித்த நாளன்று அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, லாட்டரி விழுந்தவர்போல இருந்தார். "மேடம்ஜி, இவன் மூஞ்சிதான் நம்ம எட்டாவது ஆள்" என்று இந்தியில் சொன்னார். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

அதற்குப் பிறகு பயிற்சியில் ஒரு வழக்கம் வந்தது. தொடங்குவதற்கு முன் ஒவ்வொருவரும் வந்து அவன் முகத்துக்கு ஒரு பந்து எறிவார்கள். முதலில் காற்று இறங்கின பழைய பந்து, அப்புறம் பிசின் தடவின ஆட்டப் பந்து. அவன் கண்ணைத் திறந்துகொண்டு நிற்பான். படுவதும் உண்டு, படாமல் போவதும் உண்டு. பையன்கள் அதற்கு ஆரத்தி என்று பெயர் வைத்தார்கள். எறிவதற்கு முன் பந்தைக் கையில் எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொள்கிறவர்களும் இருந்தார்கள். நான் ஓரத்தில் எண்ணெய்ப் புட்டியோடு உட்கார்ந்திருப்பேன்.

"இது எங்கப்பா கத்துக்கொடுத்ததுக்கா" என்று ஒருநாள் நெற்றியைக் கொடுத்தபடி சொன்னான். அவன் அப்பா கட்கியில் ஒரு தொழிற்சாலையில் இருந்தவர். "கோவம் வந்தா அறைவாரு. தலையைத் திருப்பினா காதுல படும், கொய்ங்னு ஆய்டும். அதுவுமில்லாம திருப்பினா இன்னொண்ணு விழும். ஆடாம நின்னா கன்னத்தோட போய்டும். ஒண்ணோட முடிஞ்சிரும்."

"எத்தனை வயசுல?"

"ஸ்கூல் போறதுக்கு மின்னாடி. சால்தய்க்கா. அதனாலதானே இன்னிக்கி இந்தியா ஜெர்சி."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். பஞ்சு என் கையில் நின்றுவிட்டது. அவன் நெற்றியை வேண்டியதற்கு மேல் அழுத்தித் துடைத்தேன்.

தலையில் அடிபட்டவனைத் திரும்ப ஆடவிடலாமா என்று பார்ப்பது என் வேலை. அதற்கு ஐந்து கேள்விகள் உண்டு. எந்த ஊரில் இருக்கிறோம், இது எந்தப் பாதி, கடைசியாக கோல் போட்டது யார், போன ஆட்டம் யாரோடு, அதில் ஜெயித்தோமா. ஒன்று தவறினாலும் ஆளை வெளியே உட்காரவைக்க வேண்டும். அன்று மட்டுமல்ல, பல நாட்களுக்கு.

முதல்முறை அவனிடம் இந்தியில் கேட்டேன். என் இந்தி கோயம்புத்தூர் இந்தி. "அக்கா, உங்க இந்தி கேட்டா அடிபடாதவனுக்கும் தலை சுத்தும். தமிழ்லயே கேளுங்க" என்றான். சரியென்று தமிழுக்கு மாறினேன். மாறினதோடு விடாமல், அடிபட்ட நேரத்தில் மனுஷனுக்குத் தாய்மொழிதான் முதலில் வரும், அதுதான் சரியான சோதனை என்று கோச்சிடம் பெரிய மேதாவியைப்போல விளக்கமும் கொடுத்தேன். அவர் தலையாட்டினார். அன்றிலிருந்து அவனுக்கு அடிபட்டால் நான் தமிழில் கேட்பேன், அவன் தமிழில் சொல்வான். சுற்றி நிற்கிற இருபது பேரில் ஒருவருக்கும் ஒரு வார்த்தை புரியாது. அதில் உள்ள ஆபத்து எனக்கு அப்போது உறைக்கவில்லை.

நாங்கள் ஜெயிக்கத் தொடங்கினோம். ஒரு பந்து அவன் முகத்தில் படும், எதிராளி ஒருவன் இரண்டு நிமிடம் வெளியே போவான், அந்த இரண்டு நிமிடத்தில் எங்கள் பையன்கள் இரண்டு கோல் போட்டுவிடுவார்கள். நெருக்கமான ஆட்டத்துக்கு அது போதும். முகம் மட்டுமே ஜெயித்துக் கொடுத்தது என்று சொன்னால் மற்றவர்கள் உழைப்புக்குத் துரோகம். அவர்களும் உயிரைக் கொடுத்து ஆடினார்கள். ஆனால் எதிரணி எறிகாரர்கள் இவன் முன்னால் தயங்க ஆரம்பித்தார்கள். தலைக்கு மேலே எறியப் பயந்து கீழே எறிந்தார்கள், கீழே வந்ததை இவன் காலால் தடுத்தான். பதினைந்து கோலில் தோற்றவர்கள் ஐந்தில் தோற்றோம், பிறகு சமன் செய்தோம், பிறகு ஜெயித்தோம். பேப்பரில் ஓரமாக இருந்த செய்தி கொஞ்சம் கொஞ்சமாக நடுவுக்கு வந்தது.

இதற்கிடையில் சில விஷயங்களை நான் பார்த்தேன். கடக்வாஸ்லா அணைக்கு எல்லோரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிருந்தபோது தண்ணீரில் பட்டுத் தெறிக்கிற வெயிலைப் பார்க்க முடியாமல் அவன் பஸ்ஸிலேயே உட்கார்ந்திருந்தான். ஒரு ஆட்டத்தில் நாலு கேள்விக்குச் சரியாகச் சொல்லிவிட்டு ஐந்தாவதுக்கு வெகுநேரம் யோசித்தான். நான் காத்திருந்தேன். கடைசியில் சொல்லிவிட்டான். இன்னொரு ஆட்டத்தில் ஐந்தாவதைச் சொல்லவே இல்லை. நாலு சரியாக இருக்கிறதே என்று விட்டேன். ஓட்டைப் பானையில் தண்ணீர் ஒழுகுவதைப் பார்த்துக்கொண்டே அடுப்பில் ஏற்றினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

அப்புறம் அந்த ஆட்டம். வளைகுடா நாடொன்றில் ஆசிய அணிகள் ஆடின போட்டி. ஜெயித்தால் அரையிறுதி. எங்கள் அணி அதுவரை அந்தப் பக்கமே எட்டிப்பார்த்ததில்லை. இரண்டாம் பாதி, ஒரு கோல் முன்னால் இருக்கிறோம். எதிரணியின் இடக்கைக்காரன் ஒருவன் ஓரத்திலிருந்து பாய்ந்து எறிந்தான். பந்து இவன் நெற்றிப்பொட்டில் பட்டது. தேங்காயைத் தரையில் போட்ட மாதிரி ஒரு சத்தம். இவன் தலை அசையவில்லை. நடுவர் இரண்டு விரலைக் காட்டினார். எங்கள் பெஞ்சு முழுக்க எழுந்து கூத்தாடியது. கோச் கையை முறுக்கி மேலே குத்தினார். அதற்குப் பிறகுதான் எல்லோரும் அவனைப் பார்த்தோம். நின்றுகொண்டிருந்தவன் முழங்கால் மடிந்து மெதுவாக உட்கார்ந்தான்.

நான் ஓடினேன். போட்டி நடத்துகிறவர்களின் டாக்டரும் வந்தார். வெளிநாட்டுக்காரர், வயதானவர், நிதானமான ஆள்.

"தம்பி, எந்த ஊர்ல இருக்கறோம்?"

"பாலேவாடிக்கா" என்றான். "மழை கொட்டுது பாருங்க."

பாலேவாடி புனேயில் நாங்கள் முகாம் போடுகிற இடம். மழை எங்கேயும் இல்லை. இரும்பு கேலரியில் ஜனங்கள் காலால் தட்டிக்கொண்டிருந்தார்கள். முகாமின் தகரக் கூரையில் புனே மழை விழுகிற சத்தம் அப்படித்தான் இருக்கும்.

"இது எந்தப் பாதி?"

"இன்னும் ஆரம்பிக்கவே இல்லியே?"

"கடைசியா கோல் போட்டது யாரு?"

என்னைப் பார்த்து அழகாகச் சிரித்தான். "சால்தய்க்கா."

மற்ற இரண்டு கேள்விகளை நான் கேட்கவில்லை. டாக்டர் ஆங்கிலத்தில் என்னிடம் கேட்டார், என்ன சொல்கிறான்?

யாரும் என்னை மிரட்டவில்லை. கோச் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது கீப்பர் பெஞ்சில் இருந்தான், பாவம், முதல் சுற்றில் ஆடவிட்டபோது வந்ததையெல்லாம் உள்ளே விட்டவன். பதினைந்து பையன்களின் முகமும் என் மேல் இருந்தது. இதெல்லாம் உண்மைதான். ஆனால் அதைவிடப் பெரிய உண்மை ஒன்று உண்டு. எனக்கும் ஜெயிக்க ஆசையாக இருந்தது. என் அம்மா அந்த விளையாட்டின் பெயரை ஒருமுறையாவது சரியாகச் சொல்ல வேண்டும் என்று ஆசையாக இருந்தது.

"எல்லாம் சரியாகச் சொல்கிறான்" என்றேன்.

"ஐந்துமா?"

"ஐந்தும்."

டாக்டர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு படிவத்தை நீட்டினார். ஐந்து கட்டங்களிலும் சரி என்று குறியிட்டுக் கையெழுத்துப் போட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். எனக்குச் சோறுகூடத் தேவைப்படவில்லை, தமிழே போதுமாக இருந்தது.

அவனை எழுப்பி கோலுக்குக் கொண்டுபோய் நிறுத்தினோம். அதற்குப் பிறகும் அவன் நன்றாகவே ஆடினான், அதுதான் கொடுமை. எங்கே இருக்கிறோம் என்று தெரியாதவனுக்குப் பந்து எங்கே வரும் என்று தெரிந்திருந்தது. கடைசி நிமிடத்தில் எதிரணிக்கு ஏழு மீட்டர் எறிதல் கிடைத்தது. போட்டால் சமன். எறிகிறவனும் பதற்றத்தில் இருந்தான். பந்து நேராக இவன் முகத்தின் நடுவில் வந்தது. தலை அசையவில்லை. பந்து முகத்தில் பட்டு மேலே எழும்பி வெளியே விழுந்தது. சிவப்பு அட்டை. ஒரு கோலில் ஜெயித்தோம்.

பையன்கள் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மறுநாள் பேப்பர்களில் வந்தது அந்தப் படம்தான். எல்லோரும் கேமராவைப் பார்த்துக் கத்திக்கொண்டிருக்கிறார்கள், அவன் மட்டும் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கிறான். ஓட்டலுக்குப் போகிற பஸ்ஸில் வாந்தி எடுத்தான். வாயைத் துடைத்துக்கொண்டு என் காதருகே கேட்டான்: "எத்தினி கோல்ல தோத்தோம்க்கா?"

அரையிறுதியில் அவனை இறக்கவில்லை. கழுத்துப் பிடிப்பு என்று நான்தான் எழுதிக்கொடுத்தேன். ஆட்டத்தில் தோற்றோம், ஆனால் அதை யாரும் தோல்வியாக நினைக்கவில்லை. புனே விமான நிலையத்தில் டோல் தாஷா வைத்து வரவேற்றார்கள். காது கிழிகிற அந்த மேளத்துக்கு நடுவில் கழுத்தில் மாலையோடு அவன் அசையாமல் நின்றான். பழையபடி ஆகிவிட்டான், நன்றாகத்தான் இருக்கிறான் என்று எடுத்துக்கொண்டேன். எனக்கு அப்படி எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

அடுத்த முகாமுக்கு அவன் வரவில்லை. இரண்டாவது கீப்பர் முதல் கீப்பரானான், நன்றாகவே தேறினான். அணி மேலே போய்க்கொண்டே இருந்தது. இன்று அவர்கள் ஆடினால் செல்பேசியில் ஆயிரம் பேர் பார்க்கிறார்கள், வளைகுடா அணிகள் எங்களுக்கு எதிராக முக்கியமான ஆட்களையே இறக்குகின்றன. நான் அங்கிருந்து விலகி விஷ்ராந்த்வாடியில் சின்னதாக ஒரு கிளினிக் வைத்தேன். கம்ப்யூட்டரைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து இறுகிப்போனவர்கள் வருகிறார்கள். தலையை அந்தப் பக்கம் திருப்புங்க, இந்தப் பக்கம் திருப்புங்க என்று நாளெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவன் வீடு நாலு தெரு தள்ளித்தான். நான் அந்தத் தெரு வழியாகப் போகாமல் சுற்றிக்கொண்டு போவேன்.

சென்ற மாதம் அவன் மனைவி கிளினிக்குக்கு வந்தாள். வேலூரிலிருந்து கட்டிக்கொண்டு வந்த பெண். ஆகுர்டியில் ஒரு கம்பெனியில் வண்டிகளுக்கு ஒயர் கட்டுகிற வேலை. ஷிப்ட் முடிந்து அதே சீருடையில் வந்திருந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அவர வேலய விட்டு எடுக்கப் போறாங்கக்கா" என்றாள்.

விளையாட்டு ஒதுக்கீட்டில் அவனுக்கு ஒரு அரசு அலுவலகத்தில் வேலை கிடைத்திருந்தது. ஃபைலை எங்கே வைத்தோம் என்று மறந்துவிடுகிறான். சொன்னதைத் திரும்பத் திரும்பக் கேட்கிறான். ஒருநாள் அலுவலகத்துக்கே வழி தெரியாமல் மதியம்வரை பஸ்ஸில் சுற்றியிருக்கிறான். வேண்டுமென்றே செய்கிறான், குடிக்கிறான் என்று விசாரணை வைத்திருக்கிறார்கள்.

"குடிக்க மாட்டாருக்கா, உங்களுக்கே தெரியும். நாட்டுக்காக ஆடி அடிபட்டதுன்னு எழுதிக் கொடுத்தேன். பேப்பர் கேட்டாங்க. அந்த மேட்சு பேப்பர் ஒண்ணுதான் கீது. அதுல எல்லாம் கரெக்டா பதில் சொன்னாருன்னு போட்டுக்கீதாம். அப்போ அடியே படலியே இன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. நீங்கதானே கூட இருந்தீங்க? இன்னா நடந்துச்சுன்னு எழுதித் தரணும்க்கா. நீங்க எழுதினா ஒத்துப்பாங்க."

அந்தக் கையெழுத்து யாருடையது என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் அப்படிக் கையெடுத்துக் கும்பிட்டிருக்க மாட்டாள்.

"பார்க்கலாம்மா" என்றேன். நாலு நாள் பார்த்தேன். உண்மையை எழுதினால் என் தொழில் போகும். எழுதாவிட்டால் அவன் வேலை போகும். கணவரிடம் சொன்னேன். அவர் நல்ல மனுஷன், "உனக்கு என்ன பண்ணோணும்னு தெரியும்" என்றார். தெரியும் என்பதுதான் சங்கடம்.

ஐந்தாம் நாள் காலை எழுதினேன். கேட்டது மூன்று கேள்வி. அவன் சொன்ன பதில் இன்னது, நான் டாக்டரிடம் சொன்னது இன்னது. பாலேவாடி, மழை, எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் எழுதினேன். அவன் தமிழில் சொன்னதை அன்று நான் செய்திருக்க வேண்டியபடி மொழிபெயர்த்தது அதுதான் முதல்முறை. கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன்.

ஜன்னலில் எல்லாம் போர்வை கட்டியிருந்தது. வெளிச்சம் ஆகாதாம். அந்த அரையிருட்டில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். உடம்பு கொஞ்சம் பெருத்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். "வாங்க, வாங்க" என்றான். பெயரோ உறவோ சொல்லவில்லை. அக்கா என்று சொல்வான் என்று காத்திருந்தேன்.

அவன் மனைவி கடிதத்தை வாங்கினாள். ஆங்கிலம் அவளுக்கு ஓடவில்லை. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். இந்தத் தடவை ஒரு வார்த்தை விடாமல் தமிழில் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை அவள் கடிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. போய் அணைத்துவிட்டு வந்து அதே இடத்தில் நின்றாள்.

"அப்போ தெரிஞ்சேதான் திரும்ப நிக்க வெச்சீங்க" என்றாள்.

"ஆமாம்மா."

"அந்த ரெண்டாவது அடி அதுக்கப்புறம் பட்டதுதானே?"

"ஆமாம்."

அவள் அழவில்லை. திட்டவும் இல்லை. கடிதத்தை நாலாக மடித்துச் சீருடைப் பைக்குள் வைத்துக்கொண்டாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவன் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். ஏதோ சண்டை, தான் சமாதானம் செய்ய வேண்டும் என்று தோன்றியிருக்கும்போல. என்னைப் பார்த்து அதே பழைய சிரிப்போடு, "சால்தய்" என்றான்.

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. கிளம்பினேன். வாசல்வரை வந்தான். கதவு திறந்த வெளிச்சத்தில் அவன் நெற்றி தெரிந்தது. மனைவி காலையில் பூசிவிட்ட விபூதி வியர்வையில் கரைந்து புருவத்துக்கு மேல் ஒரு வட்டமாக ஒட்டியிருந்தது. சரியாக அந்தப் பிசின் இருக்கிற இடம். எத்தனையோ நூறு முறை துடைத்த பழக்கம், யோசிக்காமலே என் கை எழுந்தது.

அவன் தலை சடாரென்று திரும்பியது. கண் இறுக மூடியது, கழுத்து உள்ளே போனது, இரண்டு கைகளும் முகத்துக்கு மேலே எழுந்தன. அப்படியே கதவோரம் ஒடுங்கி நின்றான்.

தலை அசைந்தால் எறிந்தவர் மேல் குற்றமில்லை என்பது விதி. கையை மெல்ல இறக்கிக்கொண்டு, அவன் கண் திறப்பதற்குள் படியிறங்கிவிட்டேன்.